இடப்பக்கம் சுவர்

விசாரணையைத் தொடங்குமுன் இந்த நாற்காலிக்கு நன்றி. ஏழடி ஆளுக்குக் கால் நீட்ட இடம் விட்டுப் போட யாருக்கும் தோன்றுவதில்லை. ராஷானுக்கு மட்டும் தோன்றும். ஓட்டலுக்குப் போனால் ஓரத்து இருக்கையை எனக்கு விட்டுவிடுவான்.

டொலீடோ அணியில் ஒன்பது வருடம் ஒன்றாகக் கூடைப்பந்து ஆடினோம். அவன் பந்தோடு ஓடுகிறவன். நான் கூடைக்குக் கீழே நிற்கும் மலை. எதிராளிகளை நெஞ்சால் மறித்து அவனுக்கு வழி திறந்துவிடுவேன். என் மகளுக்கு அவன்தான் ஞானத்தகப்பன்.

கிட்டே நின்று போட்டால் இரண்டு புள்ளி, வளைவுக்கு வெளியிலிருந்து எறிந்தால் மூன்று. இந்தக் கணக்கை யாரோ உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். என் பிழைப்பில் மண் விழுந்தது. மலைகளும் இனி தூரத்திலிருந்து எறிய வேண்டுமாம். முப்பத்து மூன்று வயதில் தினமும் ஐந்நூறு பந்து எறிந்து பழகினேன். ராஷான்தான் பொறுக்கிப் போட்டான். "கை படிஞ்சிருச்சுடா டில்" என்பான். நம்பினேன்.

ஜனவரியில் ஒரு காலை, பயிற்சியாளர் அறைக் கதவு சரியாக மூடியிருக்கவில்லை. உள்ளே ராஷான் பேசிக்கொண்டிருந்தான்.

"டில் தங்கமான ஆளு, கோச். ஆனா அவன் கீழ நின்னா நான் உள்ள நுழைய வழியே இல்ல. அடைச்சுக்கிட்டு நிக்கிறான். புதுசா வந்த ஒல்லிக்குச்சிய எறக்குங்க, வெளியிலேர்ந்து எறிவான்."

அன்று மத்தியானம் வழக்கம்போல என் வீட்டில்தான் சாப்பிட்டான். சுட்ட விலாக்கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். நான்தான் எடுத்து வைத்தேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நானே ஒதுங்கியிருப்பேன்.

அதன்பின் எனக்கு ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். எதிரணியிடம் பந்து இருக்கும்போது ராஷான் அதைத் துரத்துவான். பக்கத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாது. அவர்களுடைய மலை அவன் பாதையில் வந்து சுவராக நிற்பான். கூடைக்குக் கீழிருந்து எனக்கு எல்லாம் தெரியும். "இடப்பக்கம் சுவர்" என்று நான் கத்தினால் விலகிக்கொள்வான். ஒன்பது வருடம் திரும்பிப் பார்க்காமலே என் குரலை நம்பி ஓடினான்.

மார்ச் பத்தாம் தேதி அந்தச் சுவர் நூற்றிருபது கிலோ. ராஷான் முழு வேகத்தில் வந்தான். எனக்கு இரண்டு விநாடி இருந்தது, தாராளம். வாயைத் திறந்தேன். நாம் எதற்கு அவனுக்கு இடைஞ்சல் என்று மூடிக்கொண்டேன்.

பதிவைப் பலமுறை பார்த்ததாகச் சொன்னீர்கள். அதில் கூட்டத்தின் சத்தம்தான் கேட்கும்.

அவனுக்குக் கழுத்தில் இரண்டு எலும்பு உடைந்தது. கைகால் அசையாது, தலையைத் திருப்ப முடியாது. ஞாயிறுதோறும் போகிறேன். முதல் நாளே அவன் மனைவி கோரின், "பின்னாலேர்ந்து வந்தா குரல் குடுங்க, பதறிப்போறார்" என்றாள். வாசலிலேயே நின்று, "இடப்பக்கம் நான்டா" என்பேன். அவனுக்குக் கண் கலங்கிவிடும்.

"மத்தவனெல்லாம் வர்றத விட்டுட்டானுங்க. நீ ஒருத்தன்தான்டா."

மறந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள். தெரிந்தேதான் சும்மா இருந்தேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். துரோகம் என்ற சொல் எங்காவது வந்தால் மட்டும், அங்கே அவன் பெயரைப் போடுங்கள்.