காலையில் வாங்கிய வெள்ளிப் பாம்பு

நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்று சப் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். போலீஸிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். "அவன் எழுதுனா அழியாது பிள்ள, வாயால சொல்லிட்டு வந்துரு" என்பாள் அம்மா. அவளுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் அதன் மேல் அவ்வளவு பயம். நான் பி.ஏ. எங்கள் தெருவுக்கே முதல் பி.ஏ. பயமில்லாதவள் என்ற பட்டம் மட்டும் நானாகக் கொடுத்துக்கொண்டது.

சப் இன்ஸ்பெக்டர் குற்றாலநாதன் பேனாவைத் தொடவில்லை.

"எந்தக் கேஸும்மா?"

"பருத்தித் தரகர் ராமசுப்பு கேஸ்."

"பொண்டாட்டியக் கொன்னவனா? அது முடிஞ்சு எட்டு வருஷமாச்சே. நீதானே அதக் கண்டுபிடிச்ச பிள்ள?"

நான்தான். அப்போது எனக்குப் பதினைந்து வயது. வாடகைக்குக் கிடைத்த துப்பறியும் நாவல்களையெல்லாம் படித்துத் தீர்த்திருந்தேன். ஊரில் கொலை எதுவும் புதிதாக நடக்காததால் பழையதாக ஒன்றைத் தேடினேன். ராமசுப்புவின் மனைவி சீனியம்மாள் ஆறு வருஷத்துக்கு முன் பாம்பு கடித்து இறந்திருந்தாள். மூன்றே மாதத்தில் அவர் மறுகல்யாணம் செய்துகொண்டார். அது பாம்பு இல்லை, விஷம் என்று சீனியம்மாளின் அண்ணன் தங்கசாமி அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். எரித்த உடம்பு, சாட்சி இல்லை. எனக்கு வாகாக அமைந்தது.

அப்பாவின் உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய், ஆறு மழைக்காலம் கண்ட அந்த முற்றத்தில் காலடித்தடம் தேடினேன். கோழி ஒன்று கூடவே வந்தது. எங்கள் இருவரில் அதற்குத்தான் ஏதோ கிடைத்தது.

துப்புக் கிடைத்தது வீட்டில், சாப்பிடும்போது. அப்பா கோவில் வாசலில் வெள்ளி உரு விற்பவர். பாம்பு, தேள், கண், கால் என்று மெல்லிய தகட்டில் அடித்து வைத்திருப்பார். பாம்பு கடித்தவர்களும், வீட்டில் பாம்பைக் கண்டு பயந்தவர்களும் ஒன்று வாங்கி உண்டியலில் போட்டுவிட்டுப் புற்றுமண்ணோடு திரும்புவார்கள்.

"பாவம், அன்னைக்குக் காலைல எனக்குப் போணியே ராமசுப்பு அண்ணாச்சிதான். பாம்பு உருதான் வாங்கிட்டுப் போனாவ. சாயந்திரம் அந்த அம்மாவக் கடிச்சிட்டு" என்றார் அப்பா.

சோற்றில் கை அப்படியே நின்றது. கடித்தது சாயங்காலம், உரு வாங்கியது காலையில். சாயங்காலம் என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இவ்வளவு அழகான விடை எந்த நாவலிலும் இல்லை என்று நினைத்தேன்.

தங்கசாமியிடம் சொன்னேன். அவர் போலீஸிடம் போனார். ராமசுப்பு மூன்று நாள் மறுத்தார், நான்காம் நாள் ஒப்புக்கொண்டார். அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்று என் மூளை துப்பறியவில்லை. கோர்ட்டில் அவர் சொன்னதை மாற்றி, வீட்டில் பாம்பைக் கண்டதால்தான் உரு வாங்கினேன் என்றார். யார் கண்டது என்று வக்கீல் கேட்டார். செத்துப்போன மனைவி என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சரிதானே. இதுல நீ என்ன தப்புப் பண்ணுன?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"இன்னொரு ஆளும் கண்டிருக்கு சார். அவரு மக முத்துமாரி."

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் இரண்டே பெண்கள். ஒருத்தி நான், இன்னொருத்தி முத்துமாரி. விசாரணைக்கு ஒரு மாதம் முன்பு மதிய மணி அடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி வடிவு, அம்மா சாவதுக்கு முந்தின நாளு அடுப்படில விறகுக்குள்ள அது கெடந்துச்சு. நானும் அம்மாவும் பாத்தோம். அம்மாதான் அப்பாவ உரு வாங்கியாரச் சொன்னா. நான் கோர்ட்டுல வந்து சொல்லுதேன். நீயும் கூட வாட்டி. நீ சொன்னா நம்புவாவ."

வருகிறேன் என்றேன். அவள் சொன்னது உண்மை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. சின்னப் பிள்ளைக்கும் தோன்றக்கூடிய விடை அது. எனக்கு அது பிடிக்கவில்லை. அதில் எனக்கு வேலையே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஒருத்தியைப் பாம்பு கடித்தது, அவ்வளவுதான் கதை. அந்தக் கதையில் நான் மறுபடியும் உரு விற்பவர் மகள். அதற்குள் தலைமையாசிரியர் என்னை மேடையேற்றி மாலை போட்டிருந்தார். அப்பாவை ஏய் என்று கூப்பிட்டவர்கள் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் தங்கசாமி வீட்டுக்குப் போனேன். முத்துமாரி கோர்ட்டுக்கு வரப்போகிறாள் என்று சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினைந்தாம் நாள் அவளைப் பனவடலிசத்திரத்தில் முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தாய்மாமன் நடத்திவைத்த கல்யாணம், ஊர் மெச்சியது. விசாரணை முடியும்வரை அவளை வாசல் தாண்ட விடவில்லை. நானும் கல்யாணத்துக்குப் போய்ப் பாயசம் குடித்தேன். நன்றாக இருந்தது.

என் காலேஜ் ஃபீஸைத் தங்கசாமிதான் கட்டினார். நானாகக் கேட்கவில்லை என்பதில் எனக்கு வெகுநாள் பெருமை இருந்தது.

போன மாதம் முத்துமாரியிடமிருந்து கடிதம் வந்தது. ஜெயிலில் அப்பா ரத்தமாக இருமுகிறார், வெளியே கொண்டுவந்து வைத்தியம் பார்த்தால் பிழைப்பார், நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எழுதியிருந்தாள். திட்டி ஒரு வரி இல்லை. மாமாவிடம் சொன்னது யார் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெட்ராஸ்ல சர்க்கார் வேல கெடச்சிருக்குன்னு சொன்னாவளே?"

"ஆமா."

"இத நான் எழுதுனா அது போயிரும். உன்னயும் கோர்ட்டுல ஏத்துவாவ. யோசிச்சியா?"

"அதனாலதான் எழுதச் சொல்லுதேன். எழுதுங்க" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்.

எழுதினார். இரண்டரைப் பக்கம் வந்தது. தங்கசாமி வீட்டுக்குப் போன விஷயத்தை இரண்டு தரம் கேட்டு எழுதினார். முடித்துக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"கையெழுத்துப் போடும்மா. நாளைக்கே மேல அனுப்புதேன். அந்த மனுசன் வெளிய வந்துருவாரு."

ஒரு தடவை முழுக்கப் படித்தேன். இரண்டு இடத்தில் பிழை திருத்தினேன். மனசு லேசாக இருந்தது. உண்மையைச் சொன்னவர்களுக்கு வருமே, அந்த நிம்மதி.

"நாளைக் காலையில வந்து போடுதேன் சார். அப்பாட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன்."

"கட்டாயம் வரணும்மா."

"வராம?"

எழுந்து வெளியே வந்தேன். மணி நாலரை. வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்ததால் நிதானமாக நடந்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்பே என் பெட்டி படுக்கையை ரயிலடியில் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.