குஞ்சுகள் திரும்பிய பக்கம்

ராத்திரி இரண்டரை மணி. ஊரூர் குப்பம் தாண்டி, உடைந்த பாலத்துக்குப் போகும் மணல் பாதை. ஆள் அரவம் இல்லை... நாய்கூடக் குரைக்கவில்லை.

போனையெல்லாம் அணைத்துவிட்டுக் கேளுங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். நம்ம டெரன்ஸ் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் இது அவன் தங்கை லிண்டாவின் புருஷன் ஜாக்சனுக்கு நடந்தது. ஜாக்சன் டிராயிங் மாஸ்டர். வாய் ஓயாத ஆள், கையில் கேமரா வந்தால் ஊமை. பெசன்ட் நகரைத் தாண்ட மாட்டான். காயும் வலை, வளை நண்டு, தண்ணீர்த் தொட்டிமேல் காக்கை... இவைதான் அவன் படங்கள்.

அன்று நாங்கள் படம் எடுக்கப் போனது பங்குனி ஆமை என்கிற கடலாமையின் குஞ்சுகளை. ஆமை முட்டைகளைக் காக்க ரோந்து வரும் காவல்காரர்கள் கண்ணில் படாத ஒரு குழி. மணல் மெல்லப் பொங்கி, ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சரக்... சரக்... நேராகக் கடலைப் பார்த்து. அப்போது வெளிச்சம் காட்டக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளிச்சம் எங்கேயோ அங்கேதான் கடல் என்று நம்புகிற ஜீவன் அது.

ஜாக்சனுக்கும் தெரியும். ஆனால் ஆசை யாரை விட்டது?

"கடலாண்ட போனா படத்துல முதுகுதான் மச்சி விழும். மூஞ்சி வேணும். நீ ரோட்டுப் பக்கம் நின்னு டார்ச் அடி. ரெண்டே நிமிசம்."

ஆமாம், டார்ச் அடித்தது நான்தான். மாதா கோயிலில் மாதாமாதம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். இதை மட்டும் விழுங்கிவிடுகிறேன். லிண்டாவுக்கு இன்றுவரை தெரியாது.

குஞ்சுகள் நின்றன. அத்தனையும் ஒன்றாகத் திரும்பி என்னை நோக்கி வந்தன. "பின்னாடி போ... இன்னும்..." என்றான். போனேன். காலில் தார் ரோடு தட்டியது. அப்போது தூரத்தில் விசில் சத்தம். மாட்டினால் மானம் போகுமே என்று டார்ச்சை அணைத்துவிட்டு ஓடினோம். ரோட்டில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் அதைப் பார்த்துப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை... பொய். தோன்றியது. தோன்றியும் ஓடினேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ரோடு முழுக்க டயர் தடம். மிச்சத்தைக் காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன.

மூன்றாம் வாரம் ஜாக்சன் வீட்டில் வாடை. ஈர மணல், பாசி. ராத்திரி இரண்டரைக்குக் கதவுக்கு வெளியே... சரக்... சரக்... திறந்தால் ஒன்றும் இல்லை. பத்து மாதக் குழந்தை ரெனிட்டா, நன்றாகத் தவழ்ந்தவள், திடீரென்று முட்டி போடுவதை விட்டாள். வயிறு தரையில் உரச, இரண்டு கைகளையும் துடுப்பு மாதிரி வீசி வீசி... ஒரு ராத்திரி தொட்டில் காலி. உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. குழந்தை நடுரோட்டில், தெருவிளக்கைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் பிரேக் அடித்ததால் உயிர் பிழைத்தாள்.

அந்த வாரமே கடலை விட்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போய்விட்டார்கள். இருட்டியபின் வீட்டில் விளக்கே போடுவதில்லை. ரெனிட்டாவுக்கு இரண்டு வயது ஆகப் போகிறது. இன்னும் நிற்கவில்லை.

போன வாரம் லிண்டா போனில் அழுதாள். "லூயிஸ் அண்ணா, ஒரு தபா வந்து பாப்பாவுக்காக ஜெபம் பண்ணிட்டுப் போங்க." என்னை! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கப் போனேன்.

கும்மிருட்டு. வாசற்படியில் நின்றேன். என் கையே எனக்குத் தெரியவில்லை. அறையின் மூலையிலிருந்து சத்தம் கிளம்பியது... சரக்... சரக்... என்னை நோக்கி. நான் இடப்பக்கம் நகர்ந்தேன். சத்தமும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் நகர்ந்தேன். அதுவும் திரும்பியது. பின்னால் போனேன்... வேகம் கூடியது.

உள்ளேயிருந்து லிண்டா கத்தினாள்.

"அண்ணா, டார்ச்ச அணைங்க! கண்ணு கூசுது, பாப்பா உங்களாண்டயே வருது பாருங்க!"

என் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. போன்கூட வண்டியில்தான் இருந்தது.