இடி இடித்தபோது பிடுங்கிய பிளக்

தஞ்சாவூரிலிருந்து கூத்தாநல்லூர் போகும் பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். நடவு முடிந்த வயல்களில் நின்ற தண்ணீரில் சாயங்கால வானம் பஸ்ஸோடு கூடவே வந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் ஒரு பெண் தன் அண்ணனிடம் கேட்டது என்னை எழுப்பியது.

"இடி இடிச்சா பிளக்கைப் பிடுங்கணும்ல அண்ணே?"

"வீட்ல பிடுங்கு. பரீட்சை ஹால்ல போயா பிடுங்குவ?"

"ரெண்டு ரூட்டரையும் இணைச்சு, எல்லா லைட்டும் பச்சையா எரியறதைப் பாத்து, சேவ் பண்ணிட்டுத்தான் பிடுங்கினேன். மார்க் போட வந்தவரு, மிஷின் செத்துக் கெடக்குன்னு ஃபெயில் போட்டுட்டாரு."

"நெட்வொர்க் பரீட்சையில நெட்வொர்க்கையே அணைச்ச ஒரே ஆளு நீதான். மச்சான்கிட்ட என்ன சொல்லப்போற?"

"துபாய்ல அவரு ஆபீஸ்லயே எனக்கு வேலை இருக்கு, சர்ட்டிபிகேட் வந்தா சேந்து இருக்கலாம்னு சொல்லியிருக்காரு. தூங்கினா அந்தப் பச்சை லைட்டுங்கதான் கனவுல வருது. வயக்காடு பூரா எரியுது."

மிஷினுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கச் சோம்பல்பட்ட, மார்க் போட வந்த அந்த ஆளை நினைத்து எனக்கு ஆத்திரம் வந்தது.

"பேசாம மறுபடியும் எழுதேன்."

"சரியாச் செஞ்சதை எதுக்கு மறுபடி செய்யணும்? அந்த மிஷின்ல இருக்கறதை இன்னும் அழிக்கலையாம். திரும்பத் திருத்தச் சொல்லி மனு அனுப்பிட்டேன்."

"பக்கம் பக்கமா அழுது வச்சிருப்பியே."

"இல்லண்ணே. ஒரே வரிதான். பிளக்கைச் சொருகிப் பாருங்க."

தூறல் விழுந்தது. அண்ணன் எட்டி, அவள் பக்கத்து ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டான். மீதிப் பாதியில் அவள் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.