அரிசி டின்னுக்குள் ஒரு போத்தல்

டீ நல்லாத்தான் இருக்கு, இன்ஸ்பெக்டர் சார். சீனிதான் கொஞ்சம் காணாது. பரவாயில்ல, ஸ்டேஷன் டீயில போய் குறை சொல்லக்கூடாது. ரைட்டர் தம்பி பேனாவைத் திறந்து வச்சிக்கிட்டே உக்காந்திருக்காரு, மை காஞ்சிரும். நான் கோர்வையாச் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. பிள்ளைகளுக்கு நோட்ஸ் சொல்லிச் சொல்லி எனக்கு அது நல்ல பழக்கம்.

பேரு ஜீவமணி. ஊரு நாசரேத்து. இங்கன காலேஜ்ல விலங்கியல் மியூசியம் என் பொறுப்பு. கண்ணாடி ஜாடிக்குள்ள முத்துச்சிப்பி, கடல்குதிரை, திருக்கைக்குஞ்சு எல்லாம் ஸ்பிரிட்டுல மிதக்குமே, அதெல்லாம் என் கைவேலை. ஜாடி மூடி கொஞ்சம் லூசா இருந்தாப் போதும், ஸ்பிரிட்டு ஆவியாப் போயிரும். மட்டம் இறங்குனா மேல தெரியுத சதை மொதல்ல கறுக்கும், அப்புறம் மொத்தமும் வீணாயிரும். அதனால நான் ஒவ்வொரு ஜாடியாப் பாத்துப் பாத்து ஊத்தி நிரப்புவேன். வேலைன்னு பாத்தா அவ்வளவுதான். கல்யாணம் கட்டல. கட்டாததுக்குப் பெரிய கதை ஒண்ணும் கிடையாது, யாரும் வற்புறுத்தல.

வளன் ரோச்ச உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். துறைமுகத்துல பைலட் லாஞ்ச் ஓட்டுனவன். வெளிய நங்கூரம் போட்டு நிக்க கப்பலுக்கு, அதை உள்ள கொண்டார வழிகாட்டுத பைலட்ட ஏத்திக்கிட்டுப் போயி விடுத வேலை. ஒரு நாள் வலையில சிக்குன ஏதோ ஒரு நட்சத்திரமீனைத் துண்டுல சுருட்டிக்கிட்டு மியூசியத்துக்கு வந்தான். "சார், இந்தப் பயலுக்குப் பேரு என்ன"ன்னு கேட்டான். பேரைச் சொன்னேன். "வாயில நுழையலயே, இவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரு யாருவே"ன்னு சிரிச்சான். அன்னையிலிருந்து பழக்கம். 'சார்'ங்கது போயி 'வே'ங்கது வந்துட்டு. அவன் கத்தோலிக்கன், 'சேசு'ம்பான், நான் புராட்டஸ்டண்டு, 'இயேசு'ம்பேன், அதுக்கே அரை மணி நேரம் சண்டை போடுவோம்.

கப்பல்காரங்க அவனுக்குப் போத்தல் கொடுப்பாங்க. நல்ல ஸ்காட்ச். மதுவிலக்கு திரும்ப வந்த பிறகு அதை வைக்க அவனுக்கு இடமில்லாமப் போச்சு. அவன் சம்சாரம் ஆக்னஸ் மாதா படம் இருக்க வீட்டுக்குள்ள போத்தலை விடமாட்டா. "நாசரேத்துக்காரன், பாட்டுப் புஸ்தகமும் கையுமா அலையுதவன், உம்ம வீட்டுல எந்தப் போலீஸ் வே வந்து தேடப்போறான்"னு என்கிட்ட கொண்டாந்து வச்சான். அப்படித்தான் எங்க ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சுது. அவன் பூசை முடிஞ்சு, நான் ஆராதனை முடிஞ்சு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால ரெண்டு கண்ணாடி டம்ளர். ஆளுக்கு ஒரு விரல்கடை உசரம்.

விஸ்கியைக் குடிக்கதுக்கு ஒரு முறை இருக்கு, சார். சோடாவை ஊத்தி கடகடன்னு இறக்குதவன் அதுக்குப் பதனியக் குடிக்கலாம். மொதல்ல மோந்து பாக்கணும். அப்புறம் தண்ணி, சொட்டுக் கணக்குல. தண்ணி விழுந்ததும் வாசம் எந்திரிச்சு வரும், கருப்பட்டி காய்ச்சுத வாசம், அதுக்குப் பின்னால லேசாப் புகை. "பூசை முடிஞ்சு எல்லாரும் போன பிறகு கோயில்ல இருக்குமே, அந்த வாசம் வே"ன்னு வளன் சொல்லுவான். சரியாச் சொன்னான். இனிப்பு மட்டும் மேசைக்கு வரக்கூடாதுன்னு நான் சட்டம் போட்டிருந்தேன். இனிப்பு பட்டா நாக்கு மந்தமாயிரும். ஒரு தரம் ஆக்னஸ் எனக்குன்னு மக்ரூன் கொடுத்தனுப்புனா. பொட்டலத்தைப் பிரிக்காம அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்து, காரணத்தையும் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குப் போயி சொல்லியிருக்கான், அவ விழுந்து விழுந்து சிரிச்சாளாம்.

போத்தலைப் பாதுகாக்கது என் வேலை. வெயிலு ஆகாது, சூடு ஆகாது, படுக்க வைக்கக்கூடாது. நான் அரிசி டின்னுக்குள்ள, கழுத்து வரைக்கும் அரிசியில புதைச்சு, நிக்க வச்சிருந்தேன். இருட்டு, குளிர்ச்சி, அசையாது. சரக்குக் குறையக் குறைய மேல காத்து நிக்கும். அந்தக் காத்துதான் வாசத்தைத் திங்கும். அதனால பாதிக்குக் கீழ இறங்குனா சின்ன போத்தலுக்கு மாத்திருவேன், மருந்துக்கடை போத்தல், நல்லாக் கழுவி வெயில்ல காய வச்சது. இப்படிச் செஞ்சா ரெண்டு வருசம், மூணு வருசம் ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் அடங்கிப் போகும், கெடாது. இதை நீங்க மனசுல வச்சுக்கிடணும், பின்னால வேணும்.

போன வருசம் ஸ்காட்லாந்துக்காரக் கேப்டன் ஒருத்தரு அவனுக்கு ஒரு போத்தல் கொடுத்தாரு. அது மாதிரி நாங்க குடிச்சதில்ல. திறந்த அன்னைக்கு மோந்து பாக்கதுலயே ரெண்டு பேருக்கும் பாதி மத்தியானம் போயிட்டு. போத்தல் பாதி இருக்கும்போதுதான் வளன் அந்தச் சேதியோட வந்தான். வளைகுடாவுல டக் ஓட்டுத வேலை, பெரிய கப்பலை இழுத்துக் கட்டுத படகு. பம்பாய் ஏஜெண்டு மூலமா வந்தது. மூணு வருசம். கண் பரிசோதனையும் உடம்புப் பரிசோதனையும் முடிஞ்சாக் கப்பல் ஏறிரலாம். சந்தோசத்துல கை கால் நிக்கல அவனுக்கு. மூத்தவ ஞானசௌந்தரியக் கரையேத்திரலாம், வீட்டுக்கு மச்சு எடுக்கலாம்னு பேசிக்கிட்டே போறான்.

அப்புறம் போத்தலைக் கையில எடுத்து வெளிச்சத்துல பிடிச்சான். "இதை அப்படியே வச்சிரும் வே. நான் வந்த பிறகு மீதியக் குடிப்போம். மூணு வருசம் தாங்கும்லா?"

தாங்கும், சார். சின்ன போத்தலுக்கு மாத்தி, இறுக்கி மூடி, அரிசியில புதைச்சு வச்சாத் தாராளமாத் தாங்கும். நான், "தாங்காது வளன், திறந்த போத்தல் திறந்த போத்தல்தான், காத்துப் பட்டாச்சு, கெட்டுப்போகும்"னு சொன்னேன். இந்த விவகாரத்துல நான் சொன்ன ஒரே பொய் அதுதான். தம்பி, அதை அப்படியே எழுதுங்க. அது என் மனசை இன்னும் உறுத்துது.

"அப்போ இது முடியாம நான் கப்பல் ஏறலவே, மாதா மேல சத்தியம்"னான். விளையாட்டாச் சொன்னதுதான். ஆனா எனக்கு அது பிடிச்சிருந்தது. அவன் போனா எனக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கிடையாது, பாத்துக்கிடுங்க. மத்த நாள்ல ஜாடிக்குள்ள இருக்கதுங்களோட பேசிக்கிடுவேன், அதுங்க பதில் சொல்லாது. போத்தல் முடிஞ்சா அவன் போயிருவான். முடியாம இருந்தா இருப்பான். அவ்வளவுதான் கணக்கு. குறைஞ்சத நிரப்பத் தெரிஞ்சவன்தானே நான்.

எதை வச்சு நிரப்பினேன்னு கேக்கீங்க. மியூசியத்துல நல்ல ஸ்பிரிட்டு உண்டு, அது பூட்டுக்குள்ள இருக்கும். சாவி என்கிட்டதான். ஆனா அது காலேஜ் சொத்து. அதுல ஒரு சொட்டு எடுத்தாலும் திருட்டு. எங்க அப்பா உபதேசியார், எங்களை அப்படி வளக்கல. அதனால விளக்கெரிக்க ஸ்பிரிட்டை என் கைக்காசு போட்டுக் கடையில வாங்கினேன். டப்பாவுல மண்டை ஓடு போட்டிருக்கும், நீங்களும் பாத்திருப்பீங்க. பிள்ளைகளுக்கு மொத வகுப்புலயே, "இதை வாயில வச்சா கண்ணு போயிரும், அளவு மீறினா உசுரும் போயிரும்"னு சொல்லிக்கொடுப்பேன்.

வாரம் ஒரு விரல்கடை அவன் குடிப்பான். ஒரு விரல்கடை நான் நிரப்புவேன். நிறம் வெளுத்துறாம இருக்கக் கொஞ்சம் கருப்பட்டியைக் கருக்கி விட்டேன். "என்னவே இது, சேசு தண்ணியத் திராட்சரசமாக்குன கானாவூர்க் கல்யாணமா, குறையவே மாட்டேங்கு"ன்னான் ஒரு நாள். "நீரு குடிக்க லட்சணம் அப்படி"ன்னேன். இன்னொரு நாள் டம்ளரை வச்சிட்டு முகத்தைச் சுளிச்சான். "சரக்கு மாறிட்டுவே. கோயில் வாசத்தைக் காணோம்." திறந்த போத்தல்னா அப்படித்தான்னு சொன்னேன். "நீரு அன்னைக்கே சொன்னீரு, நான்தான் நம்பல"ன்னு வருத்தப்பட்டு மீதியக் குடிச்சான். நல்ல சரக்கை வீணாக்கக்கூடாதுன்னு அவனுக்கு ஒரு எண்ணம்.

வெளிய நிக்க கப்பலோட புகைக்கூண்டைப் பாத்தே அது எந்தக் கம்பெனின்னு சொல்லுத ஆளு. அவன்தான் வந்து, "துறைமுக விளக்கு மஞ்சுக்குள்ள எரியுத மாதிரி இருக்குவே"ன்னான். நான், "உப்புக்காத்து, கண்ணைக் கழுவும்"னேன். எனக்கு அன்னைக்கே தெரியும் சார், அதை நான் மறைக்கல. தெரிஞ்சும் அடுத்த வாரம் நிரப்பினேன். ஏஜெண்டு சொன்ன டாக்டரு எழுத்து அட்டையைக் காட்டுனாரு. வளனுக்கு மேல இருக்க பெரிய எழுத்தே தெரியல. வளைகுடா போச்சு. லாஞ்சும் போச்சு.

அவன் என் வீட்டுல உக்காந்து பிள்ளை மாதிரி அழுதான். நானும் அழுதேன். நடிப்பில்ல, அவன் அழுததை என்னால தாங்க முடியல. அதுக்குப் பிறகு பூசை முடியுத நேரம் நானே கோயில் வாசல்ல போயி நிப்பேன். என் தோள்ல கைய வச்சுக்கிட்டு வருவான். வழியில என்னென்ன இருக்குன்னு நான் சொல்லிக்கிட்டே வருவேன், பனிமய மாதா கொடி, கடல் நிறம், எதுத்தாப்புல வாரது யாருன்னு எல்லாம். அது மாதிரி நாட்கள் எனக்கு முன்னப் பின்ன வாய்ச்சதில்ல.

ஆக்னஸ் அவனை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி காட்டிட்டு வந்தா. நேரா என் வீட்டுக்குத்தான் வந்தா. வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"அண்ணாச்சி, கெட்ட சாராயம் குடிச்சிருக்காருன்னு டாக்டரு சொல்லுதாரு. இப்பவே நிறுத்துனா இருக்க வெளிச்சமாவது மிஞ்சுமாம். எங்கன போய்க் குடிக்காருன்னு தெரியல. நீங்கதான் பாத்துக்கிடணும். குடிச்சே தீரணும்னா நீங்க கொடுக்க நல்ல சரக்கை மட்டும் குடிக்கட்டும். வேற எதையும் தொட விடாதீங்க."

நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறினதா யாரும் என்னைச் சொல்ல முடியாது. என் கையால கொடுத்ததைத் தவிர அவன் வேற எதையும் தொடல. அந்தச் சமயத்துல போத்தலுக்குள்ள ஸ்காட்லாந்து எவ்வளவு மிச்சம்னு கேட்டீங்கன்னா, லேபிள்ல இருந்ததுதான். நிரப்பி நிரப்பி அப்படி ஆயிட்டு.

கடைசி ஞாயித்துக்கிழமை அவனாவே ரெண்டாவது டம்ளர் கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு கண்ணு கொஞ்சம் தெளிஞ்சிருக்கு, ஜன்னல் தெரியுது, மருந்து பிடிக்கும்போல, பம்பாய் ஏஜெண்டுக்குத் திரும்பச் சொல்லிவிடப் போறேன்னான். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் ஊத்தினேன். மூணாவதும் ஊத்தினேன். சாயங்காலம் வீட்டுல கொண்டு விட்டேன். விடியக்காலம் மூச்சு வாங்குதுன்னு ஆள் வந்துது. ஆஸ்பத்திரியில அவன் கைய நான்தான் பிடிச்சிருந்தேன். "ஜீவா, விளக்கப் போடுவே"ன்னான். விளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது. போட்டுட்டேன்னு சொன்னேன். ஆமா, அதையும் சேத்தா ரெண்டு பொய் ஆகுது.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் ஆக்னஸ் அவன் ஜெபமாலையைத் தேடிக்கிட்டு என் வீட்டுக்கு வந்தா. ஞாயித்துக்கிழமை மேசை போட்டது போட்டபடி கிடந்தது. நான் வீட்டைத் திறக்கவே இல்ல, ஆஸ்பத்திரியிலயும் கல்லறையிலயுமா இருந்துட்டேன். ஜெபமாலை நாற்காலியில கிடந்தது. அதை எடுத்தவ அப்படியே நின்னுட்டா. அவன் டம்ளர் காஞ்சு சுத்தமா இருந்தது. என் டம்ளரைச் சுத்தி எறும்பு. மேசைக்கால்ல இருந்து வரிசையா ஏறி, உள்ள இறங்கி, அடியில கிடந்த மிச்சத்தை மொய்ச்சுக்கிட்டு இருந்தது.

"அண்ணாச்சி, விஸ்கிக்கு எறும்பு வருமா?"ன்னு கேட்டா.

அந்த மிச்சத்தை விரலால தொட்டு நாக்குல வச்சுப் பாத்தா. மக்ரூனைத் திருப்பி அனுப்புனது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். என் முகத்தைப் பாத்தா, ஜெபமாலையைப் பாத்தா, இறங்கிப் போயிட்டா. அங்கன இருந்து நேரா உங்ககிட்டதான் வந்திருக்கா.

ஆமா, என் டம்ளர்ல இருந்தது பால் விடாத கட்டன் டீ, சீனி போட்டது. வடிகட்டி ஆற வச்சா நிறம் அப்படியே இருக்கும். எப்போ இருந்துன்னு கேக்கீங்க. அவன் வளைகுடா சேதியோட வந்தான்லா, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையில இருந்து. மொத தரம் நிரப்பின அன்னையிலிருந்தே என் டம்ளர்ல டீதான். அவன் கண்ணு நல்லா இருந்தப்பவும் கவனிக்கல. என் டம்ளரைச் சந்தேகப்பட அவனுக்குத் தோணாது.

நான் அவனை ஏமாத்துனேன்னு எழுதுங்க, கொன்னேன்னும் எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன். ஆனா நான் அவனைப் பத்திரமாத்தான் வச்சிருந்தேன், சார். எனக்காக அவன் வளைகுடாவ விட்டான், கண்ணை விட்டான். இந்த ரெண்டு ஸ்பூன் சீனிய நான் அவனுக்காக விட்டிருக்கலாம்.