வாய் திறக்காத எழுத்து

ஹலோ... ஆமா, ஆமா, போன்ல இங்கிலீஷ் சொல்லித் தர்ற டீச்சர்தான் பேசறேன். பயிற்சி மையத்துலேருந்து லைன் கொடுத்தாங்களா?... நல்லது. உங்க பேரு, நம்பரு எதுவும் எனக்குத் தெரியாது சார், கூச்சப்படாம கேளுங்க... குரல் ஏன் கம்பளிக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு?... ஓ, ஜலதோஷமா. சரி, சரி.

ம்... ம்... ஆமா, எழுதியிருக்கும், ஆனா சொல்லக் கூடாது. கத்திக்கு முன்னாடி ஒரு கே நிக்கும். நைஃப்னுதான் சொல்லணும்... எதுக்கு நிக்குதுன்னு என்னைக் கேட்டா? கல்யாணத்துல முன்வரிசையில ஒரு பெரியப்பா உட்காந்திருப்பாரு பாருங்க. ஒரு துரும்பைக் கூட எடுத்துப் போட மாட்டாரு. ஆனா அவரை விட்டுட்டு போட்டோ எடுத்தா குடும்பமே ரெண்டாயிடும். அந்த மாதிரி வச்சுக்கோங்க... எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு, மாமனார்... இல்ல சார், அவரு பேசுவாரு! அதானே தொல்லை. தொட்டி நிரம்பறதுக்குள்ள மோட்டாரை அணைக்கலைன்னா வீடு அதிரும்... ஹலோ?... இருமலா? தண்ணி குடிங்க.

என்ன அவசரம்?... வெள்ளிக்கிழமை பேத்தி வகுப்புல கதை வாசிக்கணுமா! அடடே, எங்க பொண்ணு பள்ளிக்கூடத்துலயும் அதே வெள்ளிக்கிழமைதான். என்னை எங்க கூப்பிட்டா? தாத்தாதான் வரணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா... சரி, வாசிங்க.

நைட்... ஆமா, குதிரை வீரன்... நாக்... கதவைத் தட்டறது, பிரமாதம்! ... இல்ல, காஸ்டில் இல்ல. நடுவுல இருக்கிற டியை முழுங்கிடுங்க. காஸில்... ஆங், அதேதான்.

ஒரு நிமிஷம் சார். அங்க என்ன தண்ணி கொட்டற சத்தம்?... மழையா? இங்க வெயில் மண்டையைப் பிளக்குது... இருங்க, எங்க ஜன்னலுக்கு வெளியேயும் கொட்டுது. தொட்டிதான் வழியுது. இன்னிக்கு மோட்டாரைப் போட்டவரே அதைப் பாத்துக்கறேன்னுதானே மாடிக்குப் போனாரு...

ஓஹோ.

ஒண்ணுமில்ல சார். நீங்க எங்க நின்னு பேசறீங்க?... வீட்டுக்குள்ளயா. நல்லது. எதுக்கும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வழுக்கும்.

ஆமா, இதை வீட்டுலயே யாரையாவது கேக்கலாமே? இங்கிலீஷ் தெரிஞ்ச மருமக கிருமக?... இருக்காளா! எப்படி, தங்கமான பொண்ணா?... ம்... என்ன பண்ணா?... அவ ஆபீஸ்காரங்க வந்திருந்தாங்க... கேக் வெட்டணும்... நீங்க "கினைஃப் எங்கே"ன்னு கேட்டீங்க... எல்லாரும் சிரிச்சாங்க... அவளுமா?... எல்லாரையும் விட சத்தமாவா...

அதுலேருந்து யாரு வந்தாலும் மாடிக்குப் போயிடறீங்களா? காத்து வாங்கத்தான் போறீங்கன்னுல்ல நான்... அவ நினைச்சிருப்பா... இல்ல சார், அவளுக்கு வக்காலத்து வாங்கல... ம்... பேத்தியும் அவ சிநேகிதங்களோட சேந்து சிரிச்சுடுவாளோன்னு பயமா... ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. தப்பு சார். பெரிய தப்பு. எனக்கே வெக்கமா இருக்கு. அந்த மருமக சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்... ஏன் வேணாம்?... சிபாரிசெல்லாம் செல்லாதா?

என்ன?... என்னது?... முதல்லயே தெரியுமா! எப்போலேருந்து?... நான் ஹலோன்னதுமேவா? அப்போ அந்த மாமனார், தொல்லைன்னு நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு... இருமறாராம் இருமல்! ஜலதோஷமாம்! கள்ளத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?... சிரிக்காதீங்க...

சரி, சிரிங்க. நல்லா சிரிங்க. நான் அன்னிக்குச் சிரிச்சதுக்கு...

இல்ல, இதைப் போன்ல சொல்ல மாட்டேன். அங்கேயே நில்லுங்க, படியேறி வந்து உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்றேன்... போனை வைங்க, மாமா.