காற்புள்ளிக்குப் பிறகு

பதினான்காம் தேதி, புதன்.

இன்றைய தவறு: காலிஃபிளவருக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். துருவி ஆவியில் வேகவைக்கும்போது ஒருமுறை. வாணலியில் காளானோடு சேர்க்கும்போது மறுபடியும். அக்கா அதை அப்படியே சாப்பிட்டாள். இப்போதெல்லாம் அவள் சாப்பாட்டில் எதையும் குறை சொல்வதில்லை.

மாலை வகுப்பில் உணவியல் சொல்லித்தரும் டீச்சர் எங்களைத் தினமும் இப்படி எழுதச் சொல்லியிருக்கிறார். முதலில் தவறு, பிறகு காரணம், கடைசியில் மறுநாள் வேலை. இந்தப் பக்கத்தை மட்டும் அவரிடம் காட்டப்போவதில்லை. உப்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா வேறு பக்கம் திரும்புகிறது. வரிசையாக எழுதினால் எனக்கே தெளிவாகும் என்று நினைக்கிறேன். தெளிவாகாமலும் போகலாம்.

பகலில் நான் இரும்புக்கடையில் ஆணியும் திருகும் எடைபோட்டுக் கொடுப்பவன். அதனால் மாமா எனக்கு வைத்த பெயர் தராசு. மாமா என்றால் அக்காவின் கணவர். அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பெரிதாகிப்போன குரல். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது நானும் வந்தேன். "கட்டில் வந்துச்சு, பீரோ வந்துச்சு, பீரோவுக்குப் பின்னால இவனும் வந்தான்" என்று மாமா விருந்தாளிகளிடம் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நன்றாகத்தான் சொல்வார்.

மாமாவுக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, போட்டுவிடுவது அக்கா. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்ததால் டாக்டரிடம் போனோம். அக்காவுக்குத் துணிக்கடையில் விடுப்புக் கிடைக்கவில்லை. நான் கூடப் போனேன். மாமா கீழே சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுச் சொல்லவேண்டியதைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்.

"என்னடா சொன்னார்?"

"மாவுச்சத்தக் குறைக்கணுமாம்க்கா. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, இனிப்பு எதுவும் கூடாது."

அடுத்ததை நான் சொல்ல வாயெடுத்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா குறுக்கே புகுந்துவிட்டார்.

"அதக் கெடக்கச் சொல்லு. எனக்கு மாத்தல் வந்துடுச்சு. வேற ஊரு, கூடுதல் சம்பளம். அடுத்த மாசம் நானும் இவளும் கெளம்புறோம். டேய் தராசு, நீ ஒரு ரூம் பாத்துக்கோ. எரும மாதிரி வளந்தாச்சு, இன்னும் அக்கா முந்தானையப் புடிச்சுக்கிட்டு."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் மீதியைச் சொல்லியிருப்பேன் என்று சில சமயம் தோன்றுகிறது. அவள்மேல் பழி போடவில்லை.

மறுநாளிலிருந்து மாமாவின் சாப்பாட்டை நானே ஏற்றுக்கொண்டேன். கால் புண்ணுக்காக அவர் விடுப்பில் வீட்டிலேயே இருந்தார்; மதியம் நான் கடையிலிருந்து வந்து பரிமாறிவிட்டுப் போவேன். டீச்சர் சொல்வார், பத்தியச் சாப்பாடு தோற்பது நாக்கிடம்தான். ஒரே மாதிரி போட்டால் மனிதன் திருடித் தின்பான். எனவே ஒருநாள் வைத்ததை மறுநாள் வைக்கவில்லை. காலிஃபிளவரைத் துருவினால் பார்வைக்குச் சோறு போலவே இருக்கும். கத்திரிக்காயைச் சுட்டுத் தயிரில் பிசைந்தேன். சோயாக்கட்டியைக் குடைமிளகாயோடு வறுத்தேன். முட்டைகோஸ் இலையில் காளானை வைத்துச் சுருட்டி வேகவைத்த அன்று, பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "கூடப்பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்றார். சர்க்கரை டப்பாவைச் சமையலறையின் மேல் தட்டுக்கு ஏற்றினேன். ஸ்டூல் போட்டால்தான் எட்டும்.

"ஆடு மாடு மேயுறதெல்லாம் என் தட்டுல வைக்கிறான் பாருடி" என்று மாமா முதலில் கத்தினார். ஆனால் சாப்பிட்டார். கொஞ்ச நாளில், "அந்தக் கத்திரிக்கா நல்லாத்தான் இருந்துச்சு. மறுபடி எப்ப?" என்று அவரே கேட்டார்.

மாற்றம் அதற்குப் பிறகு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்குக் கை நடுங்கும். சட்டை நனைகிற அளவு வியர்க்கும். பேச்சு குழையும். குரல் தணிந்து, நிதானமாக, கிட்டத்தட்ட அன்பாகப் பேசுவார். தராசு என்பது போய்த் தம்பி என்று ஆயிற்று. விரலில் குத்திச் சோதிக்கலாம் என்றாள் அக்கா. அவருக்கு அது ஆகாது. "புண்ணு ஆறுது, ஒடம்பு எளைக்குது, வேற என்னடி வேணும்?" என்று சொல்லிவிட்டார். நடுங்கும்போது நான் நாலு பாதாம் கொடுப்பேன். பாதாமில் மாவுச்சத்து மிகக் குறைவு.

இந்த அடையாளங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. வகுப்பில் மூன்றாவது பாடம், ரத்தத்தில் சர்க்கரை இறங்குதல். எழுத்துத் தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கினேன்.

டாக்டர் அன்று சொன்னதை இப்போது எழுதிவிடுகிறேன். ஒரே வாக்கியம்: "மாவுச்சத்தக் குறைச்சா, ஊசி அளவையும் குறைக்கணும்." பிறகு, ரெண்டும் சேர்ந்துதான் இறங்கணும், ஒரு வாரத்தில் மறுபடி கூட்டிட்டு வாங்க என்றார். நான் அந்த வாக்கியத்தைக் காற்புள்ளி வரைக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அக்கா பழைய அளவையே, ஒரு வேளை தவறாமல், போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை சுத்தம். மாமாவுக்கு வலிக்கவே வலிக்காது.

அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஊர் மாறிப் போக முடியாத அளவுக்கு இளைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். எத்தனை இளைத்தால் போதும் என்பதைத்தான் என்னால் அளக்க முடியவில்லை. ஆணி என்றால் சொல்லிவிடுவேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு அன்றும் கடை. மதியம் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்திருந்தேன். மாமா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். முகமெல்லாம் வியர்வை.

"தம்பி, அங்க வீடு பாத்தாச்சுடா. ரெண்டு ரூம். ஒண்ணு ஒனக்கு. நீயும் வந்துடு. ஒன் அக்கா ராத்திரியெல்லாம் அழுவுறா. நீ இல்லாம எனக்கு யாரு இப்படி ஆக்கிப் போடுவா?"

சர்க்கரை இறங்கியவர் பேசுவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு, "கொஞ்சம் சர்க்கர குடுடா. ஒரு ஸ்பூன். கண்ணு இருட்டுது" என்றார்.

"உங்களுக்கு ஆகாது மாமா."

அவரே எழுந்து சமையலறைக்குப் போனார். மேல் தட்டைப் பார்த்தார். கையை உயர்த்தினார், கை பாதியிலேயே நின்றது. ஸ்டூல் என் பக்கம் இருந்தது. நான் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். விழுந்து அடிபடக்கூடாது அல்லவா. துண்டால் முகம் துடைத்துவிட்டேன். "நல்ல பையன்டா நீ" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அக்கா வரும்வரை பக்கத்திலேயே இருந்தேன். அவரைத் தனியாக விடவில்லை.

மருத்துவமனையில் மறுநாள் முடிந்துபோயிற்று. டாக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "ஊசியக் குறைக்கலையா? உங்க தம்பிகிட்டச் சொன்னேனேம்மா" என்று கேட்டிருக்கிறார். அவள் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய், என்கிட்ட நீ சொன்னியாடா? ஊசியப் பத்தி? எனக்கு ஞாபகமே இல்லையேடா. சொன்னியா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைச் சந்தேகப்படுகிற முகம் அல்ல. தன்னையே தேடுகிற முகம்.

"சொன்னேன்க்கா" என்றேன். "மாத்தல் விஷயம் பேசிட்டிருந்தப்ப. விடுக்கா. மனுஷங்கதானே, மறக்கும்."

அதிலிருந்து அவள் வேறு ஊர் என்று பேசுவதில்லை. வேலைக்கும் போவதில்லை. சோற்றைத் தொடுவதில்லை, அவர் தட்டில் அவர் சாப்பிட்டதையே போடு, போதும் என்கிறாள். அதனால்தான் இன்றும் காலிஃபிளவர். இரண்டாவது முறை உப்புப் போட்டபோது அவள் எனக்குப் பின்னால் வந்து நின்று, "நெஜமாவே சொன்னியாடா?" என்று மறுபடி கேட்டாள். அதில்தான் கவனம் சிதறியது. காரணம் அவ்வளவுதான்.

அவளுக்கு என்னைவிட்டால் யாரும் இல்லை. பொறுமையாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாளை: கத்திரிக்காய் வாங்க வேண்டும். உப்பு ஒருமுறை மட்டும். அக்கா கேட்டால் அதே பதில். சர்க்கரை டப்பாவைக் கீழ்த் தட்டில் இறக்கிவைக்க வேண்டும். இனி இந்த வீட்டில் அது யாருக்கும் கெடுதல் இல்லை.