அரைச் சுற்று

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரை மணிக்கு நான் காரின் ஆயில் பார்ப்பேன். ராத்திரி முழுக்க வண்டி நின்றிருந்தால்தான் ஆயில் எல்லாம் அடியில் வந்து சேர்ந்திருக்கும். குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் அளவு பொய் சொல்லாது. ஓடி வந்த சூட்டோடு பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும், ஐயா. இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கோவையாக வரும்.

மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி. அதற்குப் பிறகு மீட்டர் நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை. பழைய வண்டியை யாரும் கொல்வதில்லை. கவனிக்காமல் விடுவார்கள், அது செத்துப்போகும். ஆயிலைத் தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும். பெல்ட் அறுகிறவரை காத்திருக்கக் கூடாது. ரேடியேட்டரில் கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். ரப்பர் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்த்து, விறைத்திருந்தால் மாற்றிவிட வேண்டும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமை இருந்தால் போதும். எனக்குப் பொறுமை உண்டு.

என் மனைவியைக் கடைசிவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது இந்த வண்டிதான். ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. அவள் போன பிறகு வீட்டில் நானும் மகளும் மட்டும். நான் பானெட்டைத் திறந்தால் மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்து நிற்பாள். வண்டிக்கு அவளைவிட வயது அதிகம்.

"என்னப்பா, மூத்த பொண்ணுக்குக் காய்ச்சலா?"

"வாய மூடிட்டு டார்ச்சப் புடி."

"சின்னவளுக்கு ஜுரம் வந்தப்ப மாத்திரை வாங்கவே மறந்தீங்க. இவளுக்கு மட்டும் நாடி புடிச்சுப் பாக்கறீங்க."

ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். கியர், கிளட்ச் எல்லாம் தானாக வந்துவிடும். சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பதுதான் சொல்லித்தர வேண்டியது. முள் நடுவைத் தாண்டினால் எங்கே இருந்தாலும் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் என்ஜின் போய்விடும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி அவளிடம் சொல்லியிருந்தேன். அவளும் சொல்வாள்.

அவள் பிசியோதெரபி படித்தவள். மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் வேலை இருந்தது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். சொந்த வண்டி வைத்திருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். "வண்டிய நான் எடுத்துட்டுப் போகட்டுமாப்பா?" என்று கேட்டாள். "உன் வண்டிதானே" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

நேர்காணலுக்கு முன் தினம் வண்டியை முழுக்கப் பார்த்தேன். ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று விறைத்திருந்தது, மாற்றினேன். ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் சரியாக உட்காரவில்லை. நான் கவனிக்கவில்லை. அது சத்தியமாகத் தவறுதான். நேர்காணல் அன்று அவள் ஊரைத் தாண்டியதும் முள் ஏறியிருக்கிறது. நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மெதுவாகத் திரும்பி வந்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவள்தான் என்னைத் தேற்றினாள். அன்று மாலை இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். டிவி பார்த்துக்கொண்டே அவள் சோபாவில் தூங்கிவிட்டாள். நான் டிவியை அணைத்தேன். வீட்டில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

அதைத்தான் சொல்ல வந்தேன்.

மறுநாள் மெக்கானிக் பார்த்தார். "யாரு சார் இத மாட்டினது? கிளாம்ப் பாதியிலதான் உக்காந்திருக்கு" என்றார்.

"நான்தான்."

"சும்மா இருங்க சார். உங்க வண்டியில கை வைக்கவே எனக்குக் கூசும்."

அவர் புதுக் கிளாம்ப் போட்டார். திருகு வைத்தது. பழையதை இடுக்கியால் நெரிக்க வேண்டும். இதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

அவளுக்கு இன்னொரு தேதி கொடுத்தார்கள். கிளம்பும் அன்று காலை அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது நான் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். முழுச் சுற்று விட்டால் தெருவிலேயே கொட்டிவிடும். கால் சுற்று விட்டால் ஒன்றும் ஆகாது. அரைச் சுற்று என்றால் வண்டி சூடேறி உள்ளே அழுத்தம் கூடிய பிறகுதான் கசியும். அதற்குள் ஊர் எல்லை வந்துவிடும். அங்கிருந்து திரும்பி வருவது சிரமமில்லை. திரும்பி வந்தாள். மெக்கானிக் வருவதற்குள் நான் திருகை முடுக்கிவிட்டேன். அவர் வெகுநேரம் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு நோவும் இல்லம்மா. ஊர்ப்பாசம் ஜாஸ்தி, அவ்வளவுதான். எல்லையத் தாண்டினா அழுவுது."

மகள் சிரித்தாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினாள். குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுதாள். எனக்குக் கேட்டது. தண்ணீர் இப்படி வீணாகிறதே என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் போனாள். வேலையோடு வந்தாள். அடுத்த வாரம் சேர வேண்டும்.

கிளம்பும் நாளில் பெட்டிகளை நான்தான் வண்டியில் அடுக்கினேன். டயர்களில் காற்றுப் பார்த்தேன், ஸ்டெப்னியிலும் பார்த்தேன். பிரேக்கை நான் தொடவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். பிரேக்கில் கைவைப்பவன் கொலைகாரன். நான் தொட்டது அந்தத் திருகை மட்டும்தான், அதுவும் வழக்கமான அளவு.

அவள் தண்ணீர் கேன்களைக் கொண்டுவந்து டிக்கியில் வைத்ததைப் பார்த்தேன்.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"மூத்தவளுக்குத் தாகம் எடுத்தா கொடுக்கத்தான். இந்தத் தடவ நான் திரும்பி வர்றதா இல்லப்பா."

அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை திரும்பி வந்தவள் மூன்றாவது முறையும் வருவாள் என்று நினைத்தேன். மதியத்துக்கு அவளுக்கும் சேர்த்துச் சமைத்து வைத்தேன்.

முள் ஏறுகிறபோதெல்லாம் நிறுத்தி, ஆறவிட்டு, ஊற்றிக்கொண்டு மேலே போயிருக்கிறாள். சாயங்காலம் அந்தப் பாலம் வரை போய்விட்டாள். குறுகலான பாலம், ஒதுங்க இடம் கிடையாது. பாதிப் பாலத்தில் முள் நடுவைத் தாண்டியிருக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தபடியே அங்கேயே நிறுத்திவிட்டாள். இறங்கிப் பின்னால் போய், கேனை எடுக்க டிக்கியைத் திறந்திருக்கிறாள். லாரிக்காரரைக் குற்றம் சொல்லாதீர்கள். வளைவில் திரும்பியதும் பாலம், பாலத்தில் நிற்கிற வண்டி. அவர் பிரேக் போட்ட தடத்தை நீங்களே அளந்தீர்கள். அவருக்கும் ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் அழுதார்.

வண்டியின் முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் சரியான நேரத்தில் நிறுத்தியிருந்தாள்.

கிளாம்பின் திருகு தளர்ந்திருந்ததை உங்கள் ஆள் கவனித்திருக்கிறார். கெட்டிக்காரர். யாரோ அவசரத்தில் முடுக்காமல் விட்டது என்று அவர் சொல்கிறார். அவசரத்தில் நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வண்டி உங்கள் வளாகத்தில் வெயிலில் நிற்கிறது. உள்ளே வெறும் தண்ணீர்தான் இருக்கிறது. இப்படியே விட்டால் துருப்பிடித்துவிடும். யாரையாவது விட்டு வடித்துவிடச் சொல்லுங்கள்.

அவளோடு போனில் என்ன பேசினேன் என்று கேட்டீர்கள். நான் பேசவில்லை. பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவள்தான் கூப்பிட்டாள். சீட்டுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. வலப்பக்கம் அரைச் சுற்றுத் திருகு என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். போ என்றால் போய்விடுவாள். வா என்றால் ஏன் என்பாள். சிக்னல் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும், அலுத்துப்போய்த் தானாகத் திரும்பி வரட்டும் என்று போனைக் காதில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் பக்கத்தில் இருப்பதுபோல் கேட்டது.

"அப்பா, பாலத்துக்கு முன்னாடி நிக்கறேன். முள்ளு இன்னும் நடுவுக்கு வரல. பாலத்தத் தாண்டிடலாமாப்பா, இல்ல இங்கயே ஆறவிட்டுட்டுப் போகட்டுமா? அப்பா... கேக்குதா?"